ஐந்தும் ஒன்றும்

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பதினேழு படி.
மழை பிடித்தால் படியே ஓடை.
செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்குகிறது
அட்டன் டவுன்,
நானூற்றைம்பது ரூபாய்க்குக் கம்போடியா சாப்பிட.

காசல்ரீ குளத்துத் திலாப்பியாதான்.
தேங்காய்ப்பாலில் குழைந்து
வாழையிலைக் கிண்ணத்தில் அவிந்து வரும்.
சொபியாப் ஊரில் அதற்குப் பேர் அமோக்.
கரும்பலகையில் அவளே எழுதினாள்: 'மீன் அமுக்'.
திருத்த எழுந்த தமிழ் டீச்சர்
ஒரு வாய் தின்றுவிட்டு
"இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.
அன்றிலிருந்து இது அமுக்குக் கடை.

புருஷன் பத்திநாதன் கல்லாவில்.
ப்னோம் பென் கார்மெண்ட்ஸில்
பதினோரு வருஷம் தையல் மெஷின் மெக்கானிக்;
மிச்சக்காசு கொடுக்கும்போதும்
ஊசியில் நூல் கோக்கிறவன் மாதிரி
ஒரு கண்ணைச் சுருக்குவான்.

இன்று பத்தாம் தேதி, சம்பளம்.
தனியாக வந்தவளுக்கு இங்கே இடம் கிடைப்பது
சந்தா பிடிக்காத சம்பளச் சீட்டு கிடைப்பது போல.
நிற்கிறேன்,
என் குடை என் காலிலேயே சொட்டுகிறது.

மூலை மேசையில் ஐந்து பேர்.
நகத்தில் கொழுந்துக் கறையோடு
டிக்கோயாப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர்,
டியூஷன் விட்டு வந்த பையன், அவன் அப்பா,
தொப்பியை மடியில் வைத்திருக்கும் போலீஸ்காரர்.

சொபியாப் எண்ணுகிறாள், வாய்க்குள்.
முவொய், பீ, பை, புவொன், ப்ராம்.
என்னைப் பார்த்து,
ப்ராம்-முவொய்.
அரிசி வாளியைக் காலிசெய்து கவிழ்த்து
மேசை ஓரத்தில் வைக்கிறாள்.
அவள் பாஷையில் ஆறுக்குத் தனிப்பேர் கிடையாது,
ஐந்து-ஒன்று என்பார்கள்.
"ஒரு கை விரல் முடிஞ்சா
பக்கத்தாள் கையைத்தானே பிடிக்கணும்?"
என்கிறான் பத்திநாதன்.
வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வானாம்.
பையனின் அப்பா தட்டிலிருந்து தலையே தூக்கவில்லை.

"மானாப்புல்லு வாசம்டி" என்கிறாள் ஒருத்தி,
"மலையில மிதிச்சிக்கிட்டுப் போறத
ஆஞ்சு போட்டு ஆக்கிருக்கா."
மற்றவளுக்கு நோம் பன் சோக்:
தலை வாராமல் விட்ட இடியப்பம்,
மேலே மஞ்சள் குழம்பு.
"சொதியில கருவாட்டப் போட்ட ஊரு எந்த ஊரு?"
கேட்டுக்கொண்டே விரலை நக்குகிறாள்.
போலீஸ்காரர் மிளகாய்க் கிண்ணத்தை
என் பக்கம் தள்ளுகிறார்,
எதுவும் பேசாமல்.

பாதி தின்றபின்தான் பார்த்தேன்,
பலகையின் கடைசி இரண்டு வரி.

குழந்தைக்கு அரை.
சாப்பாட்டுக்குப் பின் தேத்தண்ணி.

அந்த ழ.
வால் இரண்டு சுற்றுச் சுற்றி
அடுத்த எழுத்தின் காலடியில் போய் முடிகிற ழ.
அது என் ழ.
மேலே மெயின் ரோட்டில் பார்மசிக் கவுண்டரில்
ஒரு நாளைக்கு இருநூறு பையில் எழுதுகிறேன்:
காலை, மாலை,
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்,
குழந்தைக்கு அரை.

"எங்கே தமிழ் படிச்சீங்க?"
தண்ணீர் வைக்க வந்தவளிடம் கேட்கிறேன்.
"மகள் காய்ச்சல்," என்கிறாள்,
"மூணு வாரம். மருந்துப் பை நிறைய.
எல்லாம் வச்சிருக்கேன்."

எனக்கு முகம் ஞாபகமில்லை.
கவுண்டர்க் கண்ணாடியின் ஓட்டையில்
கைகள்தானே வரும்.

அப்படியானால் அமுக்கும் என் வேலைதான்.
'முன்' என்று நூறு தடவை எழுதியவள்
ஒரு பையிலாவது
ஒரு மோ எழுதியிருக்கலாம்.

சொல்லவில்லை.
வாழையிலையை மடித்தேன்.
தேத்தண்ணி வந்தது, சாப்பாட்டுக்குப் பின்.
வாளியை விட்டு எழும்பும் முன்பே
நனைந்த பள்ளிக்கூடப் பை ஒன்று அதன்மேல் ஏறிவிட்டது.

ஐந்நூறு கொடுத்தேன்.
ஒரு கண்ணைச் சுருக்கி ஐம்பது தந்தான்.
படியில் தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.
செருப்பைக் கழற்றிக்கொண்டு ஏறுகிறேன்,
இரண்டு மணிக்குக் கவுண்டர்.